ஏர்லைன்ஸ், சங்கம், கவுன்டர்: எங்க ஏரியாவுல என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

நான் தண்டையார்பேட்டை. மீனம்பாக்கத்துல ஒரு ஏர்லைன்ஸ் செக்-இன் கவுன்டர்ல 9 வருஷம் நின்னேன். இப்ப வேற வேலை, ஆனா தெருவுல இன்னும் "ஏர்போர்ட்டு பொண்ணு"தான். யாரு வீட்ல துபாய்க்கு டிக்கெட் போட்டாலும், ஃப்ளைட் லேட்டானாலும், டிவில பைலட் பிரச்சனைன்னு ஓடுனாலும் போன் எனக்குதான் வரும். ஒரே பதில பத்து பேருக்கு சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதான் எழுதி வெச்சிட்டேன். கேள்விங்க அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு, நான் கைவைக்கல.

இன்னாமா, பிளேன் கம்பெனில எல்லாம் சங்கம் கீதா? டை கட்டுனவனுக்கு எதுக்கு சங்கம்?

ஹார்பர்ல ரிட்டையர் ஆன மாமா கேட்டது. இருக்கு மாமா. பழைய கவர்மென்ட் ஏர் இந்தியால பைலட்டுக்கு தனி, இன்ஜினியருக்கு தனி, கேபின் க்ரூவுக்கு, அதான் ஏர்ஹோஸ்டஸ் மாதிரி ஆளுங்களுக்கு, தனின்னு இருந்துச்சு. பைலட்டுக்கே ரெண்டு சங்கம், ஏன்னா 2007ல ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒண்ணா சேத்தாங்க, ரெண்டு குடும்பம் ஒரே வீட்டுக்குள்ள குடிவந்த கதைதான், யாரு சம்பளம் பெருசு யாரு ப்ரொமோஷன் மொதல்லன்னு வருஷக்கணக்கா சண்ட. தனியார் கம்பெனிங்கள்ல கம்மி, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மாதிரி சிலதுல இருக்கு, நிறைய எடத்துல பேச்சே எடுக்க முடியாது.

டை கட்டுனா மொதலாளியா மாமா? எங்க தாத்தா பின்னி மில்லு தொழிலாளி. இந்தியாவுல மொறையா நடத்துன மொத தொழிற்சங்கம்னு சொல்றாங்களே மெட்ராஸ் லேபர் யூனியன், அது ஆரம்பிச்சதே இந்த பெரம்பூர் பக்கம்தான், 1918 ஏப்ரல் 27, வாடியாவும் திரு.வி.க.வும் இருந்தாங்க. அன்னிக்கு மில்லு தொழிலாளிங்க கேட்டதுல ஒண்ணு மத்தியான சாப்பாட்டு நேரத்த கொஞ்சம் நீட்டி குடுங்கன்னு. நூறு வருஷம் கழிச்சு ஏசி ஹால்ல லிப்ஸ்டிக் போட்டுட்டு நின்னு நாங்க கேட்டதும் அதேதான்.

சங்கம் ஆரம்பிக்க எத்தன பேர் வேணும்? சேர்ந்தா வேலைய விட்டு தூக்கிடுவாங்களாக்கா?

ரெஜிஸ்டர் பண்ண அப்ளிகேஷன் போட 7 பேர் போதும். ஆனா அந்த எடத்துல வேலை பாக்குறவங்கள்ல 10 சதவீதம் இல்லன்னா 100 பேர், ரெண்டுல எது கம்மியோ அத்தன பேராவது மெம்பரா இருக்கணும். இது 1926 சட்டத்துலேர்ந்து வர்ற விஷயம். அந்த சட்டம் வந்ததுக்கு ஒரு காரணமும் நம்ம ஏரியாதான், பின்னி கம்பெனி வாடியா மேல ஹைகோர்ட்ல கேஸ் போட்டு, சங்கம் நடத்துறதே தப்புங்கிற மாதிரி ஆக்கிடுச்சு, அதுக்கப்புறம்தான் சங்கத்துக்கு சட்டத்துல பாதுகாப்பு வேணும்னு கேட்டு கேட்டு 1926ல வந்துச்சு. 2025 நவம்பர் 21லேர்ந்து இதெல்லாம் தொழில் உறவு கோடுங்கிற புது சட்டத்துக்குள்ள போயிடுச்சு, அந்த 7 பேர் கணக்கு மாறல. பல சங்கம் இருந்தா 51 சதவீதம் ஆள் வெச்சிருக்கிற சங்கம்தான் மேனேஜ்மென்ட்கிட்ட உக்காந்து பேசும்னு புதுசா வந்திருக்கு.

தூக்குறாங்களான்னா, சங்கத்துல சேர்ந்தன்னு சொல்லி தூக்கக்கூடாது, சட்டப்படி தப்பு. அதனால யாரும் அப்படி சொல்லி தூக்க மாட்டாங்க. அடுத்த மாச ரோஸ்டர்ல, அதான் ஷிஃப்ட் பட்டியல்ல, தெரியும். வாரம் பூரா காலைல மூணு மணி ஷிஃப்ட் விழும், தீபாவளிக்கு லீவு "ஆபரேஷனல் ரீசன்"னு திரும்பி வரும், கான்ட்ராக்ட் ரினியூவல் பேப்பர் மட்டும் எங்கயோ மாட்டிக்கும்.

ஏர்போர்ட்ல யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாம் அந்த ஏர்லைன்ஸ் ஆளுங்கதான?

இல்லவே இல்ல, இது புரிஞ்சா பாதி சண்ட கொறையும். கேட்ல டிக்கெட்டும் ஐடியும் பாக்குறவங்க, பைய செக் பண்றவங்க சிஐஎஸ்எஃப், மத்திய போலீஸ் படை. டெர்மினல், ஏசி, டாய்லெட் எல்லாம் ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி. பெட்டி ஏத்துற லோடர் அண்ணனுங்க பெரும்பாலும் ஏர்லைன்ஸுக்காக தரை வேலைய பாக்குற கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனி, அதுக்கும் கீழ ஒரு கான்ட்ராக்டர் இருப்பாரு. கவுன்டர்ல நிக்கிற பொண்ணுகூட ஏர்லைன்ஸ் ஸ்கார்ஃப் கட்டியிருக்கும், சம்பள ஸ்லிப்ல வேற கம்பெனி பேர் இருக்கும்.

2025 மே மாசம் செலிபின்னு ஒரு துருக்கி கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனிக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ ஒரே நாள்ல ரத்து பண்ணாங்க. சென்னையிலயும் அவங்க இருந்தாங்க. ராத்திரி வரைக்கும் ஒரு கம்பெனி ஆளு, காலைல யாரு ஆளுன்னே தெரியல. ஏர்லைன்ஸுக்கு சங்கம் இருந்தாலும் இவங்களுக்கு அதுல எடம் கிடையாது.

ஃப்ளைட் லேட்டானா கவுன்டர்ல ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாங்க? கல்லு மாதிரி நிக்கிறாங்க?

என்ன ரொம்ப வலிக்க வெச்ச கேள்வி இதான். ஒரு சாயங்காலம் மதுரை ஃப்ளைட். ராயபுரத்து அண்ணன் ஒருத்தர், அக்கா வீட்டுக்காரர் எறந்துட்டாரு, ராத்திரிக்குள்ள போய் சேரணும். ஸ்க்ரீன்ல 7.10ன்னு இருந்தது 7.40 ஆச்சு, அப்புறம் 8.25. அவர் கத்தல. கவுன்டர்ல ரெண்டு கையும் வெச்சுக்கிட்டு, "ஏம்மா, பிளேன் எங்க கீதுன்னு மட்டும் சொல்லு, நான் கோயம்பேடு போய் பஸ்ஸாவது புடிக்கிறேன்"ன்னாரு. பிளேன் இன்னும் ஐதராபாத்லேர்ந்தே கிளம்பலன்னு எனக்கு தெரியும். சொல்லக்கூடாதுன்னு வாட்ஸப்ல மெசேஜ் வந்திருந்துச்சு, ஏன்னா சொன்னா பாதி பேர் ரீஃபண்டு கேப்பாங்க. "அப்டேட் வந்ததும் சொல்றேன் சார்"ன்னேன். பத்து மணிக்கு மேலதான் போனாரு. அந்த மூஞ்சி மறக்காது.

ஏன் இப்படின்னா, ஒவ்வொரு லேட்டுக்கும் ஒரு நம்பர் போடணும், டிலே கோடு. வர வேண்டிய பிளேனே லேட்டுன்னா 93. பேசஞ்சரால லேட்டா, பெட்டியாலயா, இன்ஜினியரிங்காலயா, எல்லாத்துக்கும் நம்பர் உண்டு. யாரு டிபார்ட்மென்ட்ல அந்த நம்பர் விழுதோ அவங்க மேனேஜர் மறுநாள் மீட்டிங்ல மாட்டுவாரு. அதனால பிளேன் நிக்கிற நேரத்துல பாதி மூளை பேசஞ்சர்கிட்ட இருக்காது, யாரு தலையில கட்டலாம்ங்கிறதுலதான் இருக்கும். அமெரிக்காவுல சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்ல இதுக்கு "டீம் டிலே"ன்னே ஒரு கோடு வெச்சாங்க, யாரால லேட்டுன்னு தோண்டாம எல்லாரும் சேர்ந்து லேட் பண்ணிட்டோம், அடுத்த தடவ சரி பண்ணுவோம்னு. கேக்க சின்ன விஷயமா இருக்கும். பயம் இல்லன்னா கவுன்டர்ல இருக்கிறவ உண்மைய சொல்லுவா, அவ்ளோதான்.

அப்ப கத்துனா வேலைக்கு ஆவாதா?

ஆவாது. அவ கையில பட்டனே இல்ல. அதுக்கு பதிலா ரெண்டு கேள்வி கேளுங்க: "இந்த பிளேன் எந்த ஊர்லேர்ந்து வரணும், அங்கேர்ந்து கிளம்பிடுச்சா?" அப்புறம் "டூட்டி மேனேஜர கூப்புடுங்க." மொத கேள்விக்கு போன்ல ஃப்ளைட் டிராக்கர் ஆப்லயே பதில் கெடைக்கும். ராயபுரத்து அண்ணனுக்கு நான் அத சொல்லியிருக்கலாம், அன்னிக்கு தோணல.

எத்தன மணி நேரம் லேட்டானா சாப்பாடு, எப்ப ரூம்பு, எப்ப துட்டு?

விமானத்துக்கான மத்திய அரசு அமைப்பு டிஜிசிஏ, அவங்க விதி இருக்கு. பறக்குற நேரம் ரெண்டரை மணிக்குள்ளன்னா, மதுரை கோயம்புத்தூர் மாதிரி, 2 மணி நேரம் லேட்டானா சாப்பாடு டிபன் தரணும். ரெண்டரைலேர்ந்து அஞ்சு மணி நேரம்னா, டெல்லி மாதிரி, 3 மணி நேரம் லேட்டு. அதுக்கு மேல தூரம்னா 4. லேட்டு 6 மணி நேரத்த தாண்டும்னா, 6 மணி நேரத்துக்குள்ள வேற ஃப்ளைட்டா, முழு ரீஃபண்டா, எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். 24 மணி நேரத்துக்கு மேலன்னா ஓட்டல் ரூம்பு, ராத்திரி 8லேர்ந்து காலைல 3க்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல லேட்டானாலும் ரூம்பு. நீங்க டைமுக்கு செக்-இன் பண்ணியிருக்கணும், அது முக்கியம்.

சொல்லாம கொள்ளாம கேன்சல் பண்ணிட்டு வேற ஃப்ளைட்டும் தரலன்னா, ரீஃபண்டு போக, ஒரு மணி நேர ஃப்ளைட்டுக்கு 5,000, ரெண்டு மணி வரைக்கும் 7,500, அதுக்கு மேல 10,000. அந்த தொகை, இல்லன்னா உங்க அடிப்படை கட்டணமும் ஃப்யூல் சார்ஜும், ரெண்டுல எது கம்மியோ அது. ஓவர்புக்கிங்ல, அதான் சீட்டுக்கு மேல டிக்கெட் வித்து, உங்கள ஏத்தலன்னா, ஒரு மணி நேரத்துக்குள்ள வேற ஃப்ளைட்ல போட்டா ஒண்ணும் கெடையாது, 24 மணி நேரத்துக்குள்ள போட்டா 10,000 வரைக்கும், அதுக்கும் மேல இழுத்தா 20,000 வரைக்கும்.

இதுல நம்மாளுங்க மாட்டுற எடம் ஒண்ணு. மண்ணடில ஏஜென்ட்கிட்ட டிக்கெட் போடுவோம், அவர் புக்கிங்ல அவர் நம்பரையே போட்டுடுவாரு. கேன்சல் மெசேஜ் அவர் போனுக்கு போவும், அவர் தூங்கிட்டு இருப்பாரு. "நாங்க சொன்னோமே"ன்னு ஏர்லைன்ஸ் கைய கழுவிடும். டிக்கெட்ல உங்க நம்பர் இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க.

ஸ்ட்ரைக்கால கேன்சலானா நஷ்ட ஈடு உண்டா?

இங்க இல்ல. மேல சொன்ன அதே விதியிலயே, கம்பெனி கைய மீறுன விஷயம்னு ஒரு பட்டியல் இருக்கு, வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு, அதுல ஸ்ட்ரைக்கும் தொழில் தகராறும் சேத்தி. டிக்கெட் காசு திரும்ப வரும், நஷ்ட ஈடு வராது.

ஐரோப்பாவுல வேற மாதிரி. 2018ல டியூஐஃப்ளைன்னு ஒரு ஜெர்மன் கம்பெனி கேஸ். மேனேஜ்மென்ட் திடீர்னு கம்பெனிய மாத்தி அமைக்கப்போறோம்னு சொன்னதும் ஸ்டாஃப் கும்பலா உடம்பு சரியில்லன்னு போட்டுட்டாங்க. ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, சொந்த ஆளுங்களோட வர்ற தகராறு கம்பெனி நடத்துறதுல சகஜமா வர்றதுதான், அத வெள்ளம் புயல் கணக்குல சேக்க முடியாது, பேசஞ்சருக்கு காசு குடுன்னு. அங்க தூரத்த பொறுத்து 250லேர்ந்து 600 யூரோ. எனக்கு கேட்டா இதான் சரி. ஸ்டாஃப்கிட்ட பேசாம இருந்தா அதுக்கு கம்பெனிக்கு செலவு ஆவணும், செலவு ஆனாதான் பேசுவாங்க.

ஸ்ட்ரைக்னு சொல்லாம ஏன் எல்லாருக்கும் ஒரே நாள்ல ஜொரம் வருது?

ஹாஹா, இத கேட்டது எங்க சித்தி. விமான கம்பெனில முன்னாடியே 14 நாள் நோட்டீஸ் குடுக்காம ஸ்ட்ரைக் பண்ண முடியாது, பேச்சுவார்த்த ஆரம்பிச்சிட்டா நடுவுலயும் முடியாது. சங்கத்தயே ஒத்துக்காத கம்பெனில நோட்டீஸ யாருக்கு குடுக்குறது? அதனால சிக் லீவு. 2009 செப்டம்பர்ல ஜெட் ஏர்வேஸ் பைலட்டுங்க சங்கம் ஆரம்பிச்சதுக்கு ரெண்டு பேர தூக்குனாங்கன்னு இப்படித்தான் அஞ்சு நாள் பண்ணாங்க. 2024 மே மாசம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல கேபின் க்ரூ கும்பலா லீவு போட்டாங்க, கம்பெனி 25 பேர தூக்குச்சு, டெல்லில மத்திய லேபர் கமிஷனர் உக்கார வெச்சு பேசுனதும் அந்த 25 பேரையும் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள்ல முடிஞ்ச பேச்சு அது. முன்னாடியே பேசியிருக்கலாமே?

இப்ப அந்த புது தொழில் உறவு கோடுல இதையும் பாத்து வெச்சிட்டாங்க, ஒரே நாள்ல பாதி பேரோ அதுக்கு மேலயோ பேசி வெச்சு கேஷுவல் லீவு போட்டா அதுவும் ஸ்ட்ரைக் கணக்குதான்.

2025 டிசம்பர்ல இண்டிகோ மொத்தமா நின்னுச்சே, அது பைலட் ஸ்ட்ரைக்தான?

இல்ல. டீக்கடைல அடிச்சு சொல்றாங்க, தப்பு. பைலட் தூக்கத்துக்கான விதி மாறுச்சு. வாரத்துக்கு 36 மணி நேரம் இருந்த ஓய்வு 48 ஆச்சு, ராத்திரில எறக்குறது 6 தடவ வரைக்கும் இருந்தது 2 ஆச்சு. இது பைலட் சங்கங்க டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய் வாங்குனது. 2024 ஜனவரியிலயே அறிவிச்சு, ரெண்டு கட்டமா, கடைசி கட்டம் 2025 நவம்பர் 1. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டைம் இருந்தும் அதுக்கு வேண்டிய ஆள் இண்டிகோ கைல இல்ல, டிசம்பர் 5 ஒரு நாள்ல மட்டும் ஆயிரத்துக்கு மேல கேன்சல். டிக்கெட் வெல ஏறுன ஏத்தத்துல அரசாங்கமே உச்சவரம்பு போட்டுச்சு, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500ன்னு. கடைசில என்னாச்சு? அந்த ராத்திரி விதியதான் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரைக்கும் தளர்த்துனாங்க. தூங்கவேண்டியவன் தூக்கத்துலயே மறுபடி கைவெச்சாங்க.

சங்கம் வந்தா சர்வீஸ் நாறிடும், பழைய ஏர் இந்தியா மாதிரின்னு எங்க மேனேஜர் சொல்றாரு. நெஜமா?

முழுசா பொய்னு சொல்ல மாட்டேன். 2012ல ஏர் இந்தியா பைலட்டுங்க 58 நாள் வேலைக்கு வரல, காரணம் புது போயிங் 787 ட்ரெயினிங் யாருக்கு, பழைய ஏர் இந்தியா பக்கத்து பைலட்டுக்கா இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து பைலட்டுக்கான்னு. பேசஞ்சர் நடுத்தெருவுல. அதுல எனக்கு ஒரு நியாயமும் தெரியல. சங்கத்துக்குள்ளயும் பெரிய ஆளு சின்ன ஆளு உண்டு, பைலட் சங்கம் லோடருக்காக வாய் தொறந்து நான் பாத்தது இல்ல.

ஆனா சவுத்வெஸ்ட எடுத்துக்கோங்க, அங்க ஸ்டாஃப்ல 80 சதவீதத்துக்கு மேல சங்கத்துல இருக்காங்க, 1973லேர்ந்து 2019 வரைக்கும் 47 வருஷம் தொடர்ந்து லாபம், நல்ல சர்வீஸுன்னு பேரு. அதே கம்பெனி 2022 டிசம்பர் பனில கிட்டத்தட்ட 17,000 ஃப்ளைட்ட கேன்சல் பண்ணி கெடந்துச்சு. எந்த பைலட் எந்த ஊர்ல இருக்கான்னே கம்ப்யூட்டருக்கு தெரியல. அந்த சிஸ்டம் பழசுன்னு பைலட் சங்கம் வருஷக்கணக்கா கத்திட்டு இருந்துச்சு, யாரும் காதுல போட்டுக்கல. அப்புறம் 14 கோடி டாலர் அபராதம். சங்கம் சர்வீஸ கெடுத்துச்சா, இல்ல சங்கம் சொன்னத கேக்காம கெட்டுச்சா? உங்க மேனேஜர்கிட்ட கேளுங்க. வேணாம், கேக்காதீங்க, ரெண்டாவது கேள்விக்கு சொன்ன ரோஸ்டர் கதை ஞாபகம் இருக்குல்ல.

ஏர்ஹோஸ்டஸுக்கு கதவு மூடுனாதான் சம்பளம் ஓடுமாமே?

சில நாட்டுல அப்படிதான். கனடாவுல 2025 ஆகஸ்ட்ல ஏர் கனடா கேபின் க்ரூ பத்தாயிரம் பேர் ஸ்ட்ரைக்ல எறங்குனதே இதுக்குதான், பேசஞ்சர ஏத்துற நேரம், தரையில காத்திருக்கிற நேரம் எல்லாம் ஓசி வேலையான்னு. அரசாங்கம் வேலைக்கு போன்னு உத்தரவு போட்டும் போகல, மூணு நாலு நாள்ல ஒப்பந்தம் வந்துச்சு. நம்மூர்ல மாச சம்பளம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல பறக்குற மணிக்கணக்குக்கு அலவன்ஸ், கைக்கு வர்றதுல பெரிய பங்கு அதுதான். அதனால ஃப்ளைட் கேன்சலானா உங்களுக்கு மட்டும் நஷ்டம்னு நெனைக்காதீங்க.

எம்பொண்ணு ஏவியேஷன் டிப்ளமோ சேரணும்ங்கிறா, சேக்கலாமாம்மா?

சேக்கலாம்க்கா, ஆனா போர்டுல இருக்கிற போட்டோவ பாத்து சேக்காதீங்க. வர்ற வேலை பெரும்பாலும் பறக்குறது இல்ல, கவுன்டர், பிளேன் நிக்கிற ராம்ப், பெட்டி. காலேஜ்காரங்க "100 சதவீதம் ப்ளேஸ்மென்ட்"னு சொன்னா, போன வருஷம் சேந்தவங்க ரெண்டு பேர் நம்பர் குடுங்கன்னு கேளுங்க. குடுக்கலன்னா எழுந்து வந்துடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட யார்கிட்டயும் குடுக்காதீங்க, பாண்டுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி தமிழ்ல யாரையாவது படிச்சு சொல்ல சொல்லுங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல எந்த கம்பெனி பேர் இருக்குன்னு பாருங்க, ஏன்னு மூணாவது பதில்ல சொல்லிட்டேன்.

அப்புறம் ஷிஃப்ட். விம்கோ நகர்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு நேரா மெட்ரோ வந்தாச்சு, பெரிய நிம்மதி, ஆனா மொத வண்டி காலைல அஞ்சு மணிக்குதான். மூணு மணி ஷிஃப்டுக்கு ராத்திரி ஒண்ணரைக்கு பொண்ணு ரெடியா இருக்கணும். கேப் வருமா, எங்க வந்து ஏத்தும்? "உங்க ஏரியா பிக்கப் லிமிட்டுக்கு வெளிய"ன்னு சொல்லி எண்ணூர், காசிமேட்டு பொண்ணுங்கள சென்ட்ரல் வரைக்கும் வர சொன்ன கதையெல்லாம் எனக்கு தெரியும். சம்பளத்துக்கு முன்னாடி கேப்ப பத்தி கேளுங்க.

பிரச்சனைன்னா எங்க போய் சொல்றது?

பேசஞ்சர்னா மொதல்ல ஏர்லைன்ஸுக்கு எழுத்துல. அப்புறம் மத்திய அரசோட ஏர்சேவாங்கிற புகார் சைட்டு, அதுல போட்டா ஏர்லைன்ஸ்ல புகார் பாக்குற நோடல் ஆபீசர் பதில் சொல்லணும். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, கடைசியா நுகர்வோர் கோர்ட்.

ஸ்டாஃப்னா தேனாம்பேட்டை மாநில லேபர் ஆபீஸுக்கு அலையாதீங்க, நான் அலைஞ்சேன், ஒரு நாள் போச்சு. விமானம் மத்திய அரசு வரம்பு. நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல மத்திய லேபர் கமிஷனர் ஆபீஸ் இருக்கு, அங்கதான்.

கம்ப்ளைன்ட்ல அந்த கவுன்டர் பொண்ணு பேர போடலாமா?

அவ மரியாத கெட்டு பேசுனா தாராளமா போடுங்க. ஆனா பதில் தெரியாம நின்னா, சாப்பாடு தரலன்னா, பேர் போடாதீங்க. ஃப்ளைட் நம்பர், பிஎன்ஆர், எத்தன மணிக்கு என்ன சொன்னாங்க, இது போதும். பேர் போட்டீங்கன்னா அந்த லெட்டர் மேல இருக்கிற ஆள தொடாம நேரா அவகிட்ட வந்து நிக்கும்.

எனக்கு வந்த மெமோ ஒண்ணு சொல்றேன். ஒரு ஃப்ளைட் எப்படியும் மூணு மணி நேரம் லேட்டாகும்னு எல்லாருக்கும் தெரியும். ஒண்ணே முக்கா மணி நேரத்துல சுகர் இருக்கிற ஒரு பெரியவருக்கு கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, நான் அவருக்கும் பக்கத்துல இருந்த கொழந்தைங்களுக்கும் சாப்பாட்டு கூப்பன் குடுத்துட்டேன், ஒம்போது கூப்பன். மறுநாள் மெமோ: ரெண்டு மணி நேரம் ஆகுறதுக்கு முன்னாடி யார கேட்டு குடுத்தீங்க? பெரியவரோட பையன் என் பேர போட்டு பாராட்டி மெயில் அனுப்பியிருந்தாரு, மேனேஜ்மென்டுக்கு விஷயம் தெரிஞ்சதே அந்த மெயிலாலதான்.